ஒரு டிசைன், முந்நூறு பெயர்: இங்க்ஸ்கேப்பா, சொந்த ஸ்கிரிப்டா, டைப்ஸ்டா, ஸ்க்விப்பா?

எக்ஸெலில் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, டிசைன் தயாராக இருக்கிறது, அதில் பெயரும் எண்ணும் போட்டோவும் மட்டும் மாறி முந்நூறு அட்டை வேண்டும், எதை வைத்துச் செய்யலாம்? இந்தக் கேள்வி பள்ளி அடையாள அட்டையாகவோ, கருத்தரங்கு பேட்ஜாகவோ, சான்றிதழாகவோ, கடை விலைச்சீட்டாகவோ வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று கருவிகளின் பெயரைச் சொல்லி "இதில் எது வேகம்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

வேகத்தை விட்டுவிடுங்கள். முந்நூறு அட்டையை எந்தக் கருவியும் நீங்கள் டீ குடித்து வருவதற்குள் தள்ளிவிடும். நேரம் போவது வேறு இடங்களில்: நீளமான பெயர் ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது, கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதைத் திருத்துவது, "லோகோவைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்துங்கள்" என்று கடைசி நிமிடத்தில் வரும் போன், அச்சகத்திலிருந்து திரும்பி வரும் கோப்பு. அதனால் கருவிகளையும் இந்த இடங்களில் வைத்துத்தான் எடைபோட்டிருக்கிறேன். வழிகள் நான்கு: இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளும் அதன் நெக்ஸ்ட்ஜெனரேட்டர் நீட்சியும், நீங்களே எழுதும் ஸ்கிரிப்ட், டைப்ஸ்ட் என்ற ஆவணம் அமைக்கும் மொழி, ஸ்க்விப் என்ற அட்டை செய்யும் கருவி.

## எதை வைத்து எடைபோடுவது

தமிழ் எழுத்து சரியாக வருகிறதா. "செந்தில்" என்று நாம் எழுதும்போது கொம்பு முதலில், ச அடுத்து. கணினிக்குள் சேமிப்பில் ச முதலில், கொம்பு அடுத்து. திரையில் காட்டும் நேரத்தில் யாராவது இந்த வரிசையை மாற்றி அடுக்க வேண்டும், ம-வையும் உகரக் குறியையும் சேர்த்து "மு" என்ற ஒரே வடிவமாக்க வேண்டும். இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் போன்ற ஒரு நிரல் நூலகம். அது உள்ளே இல்லாத கருவியில் கொம்பு ச-வுக்குப் பின்னால் போய் "ந்" மேல் முட்டிக்கொண்டு நிற்கும், "முருகன்" என்பதில் இரண்டு உகரமும் தனித்தனியாகக் கழன்று தொங்கும். ஆங்கிலப் பெயரை மட்டும் போட்டுச் சோதித்தால் இது கண்ணிலேயே படாது.

பெயர் நீளமானால் என்ன ஆகிறது. "க. மணி" என்பதும் "மீ. கோமதி சங்கரநாராயணன்" என்பதும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். எஸ்விஜி (படத்தைக் கோடுகளாகவும் வடிவங்களாகவும் சேமிக்கும் கோப்பு வகை) 1.1-இல் எழுத்து தானாக அடுத்த வரிக்கு மடங்குவது என்ற ஒன்றே கிடையாது. நீளமாக இருந்தால் நேராக ஓரம் தாண்டிப் போகும். எழுத்துகளை எண்ணி அளவைக் குறைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள், தமிழில் அந்த வழி ஏமாற்றும். "ஸ்ரீ" கணினியின் எண்ணிக்கையில் நான்கு, கண்ணுக்கு ஒன்று. ண, ஞ, னை எல்லாம் அகலம், ர, ா எல்லாம் ஒல்லி. உண்மையான அகலத்தை அளக்கும் வசதி கருவியில் இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

டிசைனை யார் மாற்றப் போகிறார். நான் அதிக எடை கொடுப்பது இதற்குத்தான். டிசைனர் ஒருவர் இருக்கிறாரா, அவருக்கு நிரல் தெரியுமா, அல்லது எல்லாமே நீங்களா? மற்றதெல்லாம் பொருந்தினாலும் இது பொருந்தாவிட்டால் அடுத்த வருஷம் அந்தக் கருவி மூலையில் கிடக்கும்.

அச்சகம் என்ன கேட்கும். தமிழ்நாட்டில் சின்ன அச்சகங்கள் பலவற்றில் இன்னமும் கோரல் ட்ராதான். உங்கள் பிடிஎஃப்பை அதில் திறக்கிறார்கள், உங்கள் ஃபான்ட் அவர்கள் கணினியில் இல்லை, தமிழ் முழுக்கச் சிதறுகிறது. எழுத்தை எல்லாம் கர்வ்ஸ், அதாவது ஃபான்ட் தேவைப்படாத வளைகோட்டு வடிவம், ஆக்கிக் கொடுங்கள் என்பார்கள். சிஎம்ஒய்கே (அச்சு மைகளின் நிற முறை) கேட்பார்கள், சுற்றிலும் 3 மிமீ பிளீட் (வெட்டும்போது வெள்ளை ஓரம் விழாமல் இருக்க வெளியே நீட்டும் பகுதி) கேட்பார்கள்.

அடுத்த முறை ஓடுமா. நிறுவுவது எவ்வளவு பாடு, வேறொருவர் கணினியில் அதே விளைவு வருமா, ஒரு வருஷம் கழித்துப் பதிப்பு மாறினால் உடையுமா.

## ஒரே பார்வையில்

| | இங்க்ஸ்கேப் + நெக்ஸ்ட்ஜெனரேட்டர் | எஸ்விஜி டெம்ப்ளேட் + சொந்த ஸ்கிரிப்ட் | டைப்ஸ்ட் | ஸ்க்விப் |
|---|---|---|---|---|
| தமிழ் எழுத்து | சரி | பிடிஎஃப் ஆக்கும் நிரலைப் பொறுத்தது | சரி | சரி |
| நீளமான பெயர் | கையால்தான் | நீங்களே எழுத வேண்டும் | அளந்து சுருக்கலாம் | பெட்டிக்குள் மடிக்கலாம் |
| டிசைனை மாற்றுவது | டிசைனரே | டிசைனரே, கவனமாக | நிரல் தொடத் தெரிந்தவர் | ரூபி தெரிந்தவர் |
| கர்வ்ஸ் | நேரடி விருப்பம் உண்டு | கூடுதல் படி | எஸ்விஜி வெளியீட்டில் தானாக | கூடுதல் படி |
| சிஎம்ஒய்கே | இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள் | இல்லை | நிறங்களுக்கு உண்டு | இல்லை |
| நிறுவுவது | எளிது | நடுத்தரம் | மிக எளிது | விண்டோஸில் சிரமம் |
| ஒரு தாளில் பல அட்டை அடுக்குவது | தனி வேலை | தனி வேலை | உள்ளேயே | உள்ளேயே |

## இங்க்ஸ்கேப் + நெக்ஸ்ட்ஜெனரேட்டர்

இங்க்ஸ்கேப்பில் டிசைன் போடுகிறீர்கள். பெயர் வர வேண்டிய இடத்தில் சதவீதக் குறிகளுக்கு நடுவே VAR_ என்று தொடங்கி, பட்டியலில் உள்ள பத்தியின் (column) பெயரை எழுதுகிறீர்கள். நெக்ஸ்ட்ஜெனரேட்டர் என்ற நீட்சி சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) படித்து, வரிக்கு ஒரு கோப்பாக பிடிஎஃப்போ பிஎன்ஜியோ எஸ்விஜியோ எழுதித் தருகிறது. அவ்வளவுதான். கமாண்ட் லைன் பக்கமே போகாத டிசைனர் கூட அரை மணியில் பிடித்துக்கொள்வார்.

இதன் பலம், டிசைன் டிசைனர் கையிலேயே இருப்பது. நிறத்தை மாற்ற, லோகோவை நகர்த்த யாரையும் கேட்க வேண்டாம். தமிழ் சரியாக வரும். ஏற்றுமதியின்போது எழுத்தை வளைகோடாக மாற்றும் விருப்பமும் இங்க்ஸ்கேப்பிலேயே இருக்கிறது, அச்சகத்துக்கு அதுவே போதும்.

மறைந்திருக்கும் செலவுகள் இனி. முதலாவது, டெம்ப்ளேட்டில் அந்தப் பத்திப்பெயர் ஒரே துண்டாக இருக்க வேண்டும். நடுவில் ஓர் எழுத்துக்கு மட்டும் இடைவெளி சரிசெய்திருந்தாலோ தடிமன் மாற்றியிருந்தாலோ இங்க்ஸ்கேப் அதைக் கோப்புக்குள் இரண்டு மூன்று துண்டாக வெட்டி வைத்திருக்கும், திரையில் ஒன்றாகத்தான் தெரியும், மாற்றம் மட்டும் நடக்காது. "ஏன் ஒரு பத்தி மட்டும் மாறவே மாட்டேன் என்கிறது" என்று கேட்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம். அந்த வரியை அழித்துவிட்டு ஒரே மூச்சில் புதிதாகத் தட்டினால் சரியாகிவிடும். பிடிஎஃப்பிலிருந்து இறக்கிய டிசைன் என்றால் எழுத்துக்கு எழுத்து இடம் குறித்து வைத்திருக்கும், அதையும் புதிதாகத் தட்டுவதே நல்லது.

இரண்டாவது, நீளமான பெயரைப் பற்றி இதற்கு ஒன்றும் தெரியாது. மாற்றிப் போடும், வெளியே போனால் போனதுதான். பெயரை நடுவில் நிறுத்த வேண்டுமென்றால் டெம்ப்ளேட்டிலேயே நடு ஒழுங்கு வைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு பெயரும் இடது ஓரத்திலிருந்து வளரும்.

மூன்றாவது, வெளியே வருவது தனித்தனிக் கோப்புகள். அவற்றைத் தாளில் அடுக்குவது உங்கள் பாடு. அதோடு பழைய டிசைன் கோப்புகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை: இங்க்ஸ்கேப் 0.92-க்கு முன் அங்குலத்துக்கு 90 பிக்சல், அதன்பின் 96. பழைய கோப்பைத் திறக்கும்போது கேட்கும் கேள்விக்குத் தவறாகப் பதில் சொன்னால் அட்டையின் அளவே மாறிவிடும். திறந்தவுடன் அகலத்தை மிமீயில் ஒருமுறை பாருங்கள்.

எப்போது இது சரி: ஐம்பது முதல் இருநூறு வரை, பெயர்கள் ஓரளவு ஒரே நீளம், டிசைனரே எல்லாம் செய்கிறார், ஒரு முறைதான் வேலை.

## எஸ்விஜி டெம்ப்ளேட் + சொந்த ஸ்கிரிப்ட்

எஸ்விஜி என்பது வெறும் எழுத்துக்கோப்பு, எக்ஸ்எம்எல். அதனால் பைத்தானில் ஜிஞ்ஜா (டெம்ப்ளேட்டில் தரவை நிரப்பும் நூலகம்) டெம்ப்ளேட்டை வைத்து இருபது வரியில் எழுதிவிடலாம், எதற்குத் தனிக் கருவி என்று தோன்றும். தோன்றுவது நியாயமே. அந்த இருபது வரி உண்மையிலேயே போதும், முதல் நாளுக்கு.

இதன் பெரிய நன்மை தர்க்கம். ஆசிரியருக்கு ஒரு நிறப் பட்டை, மாணவருக்கு இன்னொன்று; போட்டோ இல்லாதவருக்குக் காலி வட்டம்; வருகை எண்ணிலிருந்து கியூஆர் குறி; மதிப்பெண்ணுக்கேற்ப உயரும் கம்பி. இந்த மாதிரி "இப்படி இருந்தால் அப்படி" என்பவை நான்கைந்து வந்துவிட்டால் நெக்ஸ்ட்ஜெனரேட்டரால் சமாளிக்க முடியாது, ஸ்கிரிப்டில் ஒவ்வொன்றும் ஒரு வரி.

எங்கே கடிக்கும் என்றால், எஸ்விஜி எழுதி முடித்த பிறகு. அதை பிடிஎஃப் ஆக்குவது யார்? பைத்தான்காரர்கள் கைக்கு முதலில் அகப்படுவது கெய்ரோஎஸ்விஜி, ஏனென்றால் ஒரே கட்டளையில் நிறுவலாம். தமிழுக்கு அதைத் தொடாதீர்கள். கெய்ரோ என்ற வரையும் நூலகத்தின் எளிய எழுத்து வசதியை மட்டும் பயன்படுத்துவதால் மேலே சொன்ன கொம்புக் குழப்பம் அப்படியே வரும். லிப்ஆர்எஸ்விஜி நூலகத்தோடு வரும் ஆர்எஸ்விஜி-கன்வெர்ட் கட்டளை நல்ல தேர்வு. அது பேங்கோ என்ற எழுத்தடுக்கும் நூலகம் வழியாக எழுத்தை அடுக்குகிறது, தமிழ் ஒழுங்காக வரும், பல எஸ்விஜிகளை ஒரே கட்டளையில் கொடுத்தால் பல பக்கமுள்ள ஒரே பிடிஎஃப்பாகத் தந்துவிடும். பிஎன்ஜி மட்டும் போதுமென்றால் ரஸ்ட்டில் எழுதிய ரிஎஸ்விஜியும் நன்றாகவே செய்யும்.

ஆர்எஸ்விஜி-கன்வெர்டில் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பாதுகாப்புக்காக, எஸ்விஜி இருக்கும் அடைவிலும் அதன் கீழுள்ள அடைவுகளிலும் இருக்கும் படங்களை மட்டுமே அது எடுக்கும். போட்டோக்கள் வேறு டிரைவில் இருந்தால் அட்டை வரும், முகம் வராது. படத்தைக் கோப்புக்குள்ளேயே பொதித்துவிடலாம், ஆனால் அப்படிப் பொதிக்கும்போது படத்தின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். இன்னொன்று, இங்க்ஸ்கேப்பில் பெட்டி வரைந்து அதற்குள் மடங்குமாறு எழுதிய முகவரி. இங்க்ஸ்கேப் அந்தப் பெட்டி ஒழுங்கைத் தனக்குத் தெரிந்த முறையில் குறித்துவைக்கிறது, மற்றவர்களுக்காக வரி வரியாகப் பிரித்த நகலையும் வைக்கிறது. லிப்ஆர்எஸ்விஜி அந்த நகலைத்தான் படிக்கும். நீங்கள் புது முகவரியைச் சொருகினால் அது மடங்காமல் ஒரே கோடாக ஓடும்.

பெயர் நீளத்தை அளக்க வேண்டுமென்றால் ஹார்ஃப்பஸ்ஸை நீங்களே கூப்பிட வேண்டும், அல்லது ராக்ம் (எழுத்தடுக்கும் நூலகம்) ஆதரவுள்ள பில்லோவில் (பைத்தானின் பட நூலகம்) அளந்து எழுத்தளவைக் கணக்கிட வேண்டும். முடியாத காரியம் கிடையாது. இருபது வரி எண்பதாகும், அப்புறம் தாளில் அடுக்குவதற்கு நாற்பது வரி, பின்பக்கத்துக்கு இன்னொரு இருபது. இந்த வளர்ச்சிதான் சொந்த ஸ்கிரிப்டின் உண்மையான விலை. அதை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டால் அடுத்தவர் புதிதாக எழுதுவார்.

சின்னதாக ஒன்று, ஆனால் கட்டாயம்: பட்டியலில் "&" குறி வந்தால் எக்ஸ்எம்எல் உடைந்துவிடும். "முருகன் & சன்ஸ்" என்ற ஒரே ஒரு வரி மொத்த ஓட்டத்தையும் நிறுத்தும். ஜிஞ்ஜாவில் இந்த மாதிரிக் குறிகளைப் பாதுகாப்பாக மாற்றும் தானியங்கி எஸ்கேப்பை இயக்கிவைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

எப்போது இது சரி: நிபந்தனைகள் நிறைய, வேலை அடிக்கடி வரும், வேறொரு மென்பொருளுக்குள் இதைப் பொருத்த வேண்டும், நிரலைப் பராமரிக்க நிரந்தரமாக ஆள் இருக்கிறார்.

## டைப்ஸ்ட்

டைப்ஸ்ட்டை லேடெக்குக்கு மாற்றாகத்தான் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள், ஆய்வுக்கட்டுரை எழுத. 2023-இல் பொதுவில் வந்தது. அட்டை அடிக்க இது இவ்வளவு பொருந்தும் என்பதை ஏனோ யாரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரே ஒரு செயல்கோப்பு. தரவிறக்கி வைத்தால் முடிந்தது, லேடெக் தொகுப்பான டெக் லைவ் போல கிகாபைட் கணக்கில் ஒன்றும் வேண்டாம். சிஎஸ்வியைப் படிப்பது மொழிக்குள்ளேயே இருக்கும் வசதி. பத்தித் தலைப்புகளை வைத்தே ஒவ்வொரு வரியையும் எடுக்கலாம். பக்க அளவை அட்டை அளவாக வைத்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கம் என்று ஒரு சுற்று எழுதினால் முந்நூறு பக்க பிடிஎஃப். அதே கோப்பிலிருந்து பிஎன்ஜி வேண்டுமா, எஸ்விஜி வேண்டுமா, கோப்புப் பெயரில் பக்க எண் வரும்படி ஒரு குறி வைத்துக் கட்டளையைக் கொடுத்தால் போதும்.

நீளமான பெயர் விஷயத்தில்தான் இது மற்றவற்றைத் தாண்டி நிற்கிறது. எழுத்தை அடுக்கிய பிறகு அதன் அகலம் என்ன என்று கேட்கும் அளவிடும் செயல்பாடு உள்ளேயே இருக்கிறது. "16 புள்ளியில் ஆரம்பி, 70 மிமீக்குள் அடங்கவில்லையென்றால் அரைப் புள்ளி குறை, 11 வரை பார், அப்போதும் அடங்காவிட்டால் இரண்டு வரியாக்கு" என்பதை ஏழெட்டு வரியில் எழுதிவிடலாம். தமிழுக்கும் இதே கணக்கு சரியாக வேலை செய்யும், ஏனென்றால் அளப்பது எழுத்தெண்ணிக்கையை இல்லை, காகிதத்தில் விழப்போகும் அகலத்தை.

தாளில் அடுக்குவதும் அங்கேயே. இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள், பலர் தவறவிடுவது. வங்கி அட்டை அளவு 85.60 × 53.98 மிமீ. ஏ4 தாளை நிமிர்த்தி வைத்தால் இரண்டு நெடுவரிசை, ஐந்து வரிசை, பத்து அட்டை அழகாக உட்காரும். ஆனால் சுற்றிலும் 3 மிமீ பிளீட் சேர்த்தால் ஒவ்வொன்றும் 91.60 × 59.98 ஆகிவிடும், ஐந்து வரிசைக்கு 299.9 மிமீ வேண்டும், தாளில் இருப்பதோ 297. ஆக எட்டுதான். தாளைப் படுக்க வைத்தால் மூன்றுக்கு மூன்று, ஒன்பது. டைப்ஸ்டில் இதை மாற்றிப் பார்க்க இரண்டு எண்களைத் திருத்தினால் போதும், தனியாக அடுக்கும் ஸ்கிரிப்ட் எழுதியவர்கள் இந்த இடத்தில் அரை நாள் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பக்கமும் அச்சடிப்பதாக இருந்தால் பின்பக்கத் தாளில் ஒவ்வொரு வரிசையையும் வலமிடமாகத் திருப்பிப் போட மறக்காதீர்கள், அதுவும் ஒரு வரிதான்.

அச்சகத்துக்கு: சிஎம்ஒய்கே நிறத்தை நேராகக் கொடுக்கலாம். நீங்கள் வைக்கும் போட்டோக்களை அது மாற்றித் தராது, அதை முன்னதாகச் செய்துகொள்ள வேண்டும். எஸ்விஜியாக வெளியிட்டால் எழுத்துகள் ஏற்கெனவே வடிவங்களாகத்தான் இருக்கும், கோரல் ட்ராவில் திறந்தாலும் தமிழ் சிதறாது. பிடிஎஃப்தான் வேண்டும், ஆனால் கர்வ்ஸாக வேண்டும் என்றால் பிடிஎஃப்பைக் கையாளும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற நிரலில் ஃபான்டுகளை வெளியிடாதே என்று ஒரு விருப்பம் இருக்கிறது, அதன் வழியாக ஒருமுறை ஓட்டி எடுங்கள். சொந்த ஸ்கிரிப்ட்காரர்களுக்கும் இதே வழிதான்.

குறைகள் இல்லாமல் இல்லை. டிசைனரால் இதைத் திறந்து சுட்டியால் நகர்த்த முடியாது. "கொஞ்சம் இடது பக்கம்" என்பதை நீங்கள் மிமீயாக மாற்றி எழுத வேண்டும். இன்னும் 0.x பதிப்புகளாகவே வந்துகொண்டிருப்பதால் சில பெயர்கள் மாறும். அளவிடும் செயல்பாட்டைக் கூப்பிடும் முறையே 0.11-இல் மாறியது. அதனால் எந்தப் பதிப்பில் ஓட்டினீர்களோ அந்தச் செயல்கோப்பையும் வேலையோடு சேர்த்து அடைவில் போட்டு வையுங்கள், சின்னதுதானே. ஃபான்ட் கோப்பையும் அதே அடைவில் வைத்து, அங்கே பார் என்று கட்டளையிலேயே சொல்லிவிடலாம். இன்னொருவர் கணினியில் நோட்டோ சான்ஸ் தமிழுக்குப் பதில் வேறெதுவோ வரும் கதை அதோடு முடிந்துவிடும்.

எப்போது இது சரி: இருநூறுக்கு மேல், பெயர் நீளம் ஏகத்துக்கும் வேறுபடுகிறது, தாளில் அடுக்க வேண்டும், ஒவ்வொரு வருஷமும் திரும்பச் செய்ய வேண்டும், நிரல் கொஞ்சம் தொடத் தெரிந்த ஒருவராவது பக்கத்தில் இருக்கிறார்.

## ஸ்க்விப்

இது ரூபியில் எழுதியது, மேசை விளையாட்டு அட்டைகளுக்காகவே பிறந்தது. தொடக்க அளவே 825 × 1125 பிக்சல். 300 டிபிஐ-யில் பிளீட் சேர்த்த சீட்டு அளவு. சிஎஸ்வியோ எக்ஸெலோ நேராகப் படிக்கும். பட்டியலில் எண்ணிக்கை என்று ஒரு பத்தி வைத்தால் அந்த அட்டையை அத்தனை முறை திரும்ப அடிக்கும், விலைச்சீட்டுக்கும் இது கைகொடுக்கும். எழுத்துப் பெட்டியைச் சுற்றிக் கோடு போட்டுக் காட்டச் சொல்லலாம், இடம் சரிபார்க்க வசதி. பேங்கோ உள்ளே இருப்பதால் தமிழும் பெட்டிக்குள் மடங்குவதும் பிரச்சினை இல்லை.

ஒரு பொறி மட்டும் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். இயல்பு அமைப்பில் இது படத்தை நினைவகத்தில் பிக்சலாக வரைகிறது, பிடிஎஃப்பாகச் சேமித்தாலும் உள்ளே இருப்பது பிக்சல்தான். வெக்டர் (பெரிதாக்கினாலும் உடையாத கோட்டு வடிவம்) வேண்டுமென்றால் அமைப்புக்கோப்பில் backend என்ற அமைப்பை எஸ்விஜி என்று மாற்ற வேண்டும். வீட்டில் அச்சடித்து வெட்டி விளையாட வித்தியாசம் தெரியாது, அச்சகத்தில் சின்ன எழுத்தின் ஓரத்தில் தெரியும். விண்டோஸில் ரூபியோடு கெய்ரோ, பேங்கோவை எல்லாம் சேர்த்து நிறுவுவதும் பொறுமையைச் சோதிக்கும்.

எப்போது இது சரி: விளையாட்டு அட்டை, கற்பித்தல் அட்டை, ரூபி பழக்கம். மற்றவர்கள் இதற்காக ரூபி கற்க வேண்டியதில்லை.

## மற்றவை, சுருக்கமாக

கோரல் ட்ராவின் பிரிண்ட் மெர்ஜ் (பட்டியலை டிசைனில் நிரப்பும் வசதி): அச்சக டிசைனருக்கு இது தெரிந்தால், ஒருமுறை வேலை என்றால், பட்டியலை அவரிடமே கொடுத்துவிடுங்கள். உங்கள் நேரம் மிச்சம். லேடெக்கை ஏற்கெனவே தினமும் பயன்படுத்துபவர் ஸீடெக்கில் இதே வேலையைச் செய்யலாம். புதிதாக வருபவருக்கு டைப்ஸ்ட் எளிது. பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸுக்கும் ஒரு ஜெனரேட்டர் ஸ்கிரிப்ட் உண்டு. சிஎம்ஒய்கே-யும் முழுப் பக்க வடிவமைப்பும் ஒருசேர வேண்டும் என்பவர்கள் அதைப் பார்க்கலாம், 1.6 வரிசையில் தமிழ் நன்றாக வருகிறது. முப்பது அட்டைக்குக் குறைவென்றால் கையாலேயே நகலெடுத்து மாற்றுங்கள், மெய்யாகவே அதுதான் வேகம்.

## எந்தக் கருவியானாலும் பட்டியல் முதலில்

தமிழ்ப் பட்டியல் யூனிகோட் அல்லாத பழைய பாமினி ஃபான்டில் தட்டியதாக வந்தால் யூனிகோடுக்கு மாற்றாமல் எதையும் தொடங்காதீர்கள். எக்ஸெலில் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும், யூடிஎஃப்-8 என்று எழுதியிருக்கும் சிஎஸ்வி வகையைத் தேர்ந்தெடுங்கள். அப்படிச் சேமிக்கும்போது கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி சேரும். பைத்தானில் அதைக் கழித்துப் படிக்கச் சொல்லாவிட்டால் முதல் பத்தியின் தலைப்போடு அது ஒட்டிக்கொள்ளும், "பெயர்" என்ற பத்தி கண்ணெதிரே இருக்கும், இல்லை என்று பிழை வரும்.

0042 என்ற வருகை எண் எக்ஸெலில் 42 ஆகும். 15 இலக்கத்துக்கு மேலுள்ள எண்ணில் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும், திரும்ப மீட்கவே முடியாது. அந்தப் பத்திகளைத் தட்டும் முன்பே எழுத்து வகையாக மாற்றச் சொல்லுங்கள். "கொ" என்பதை ஒரே குறியாகவும் தட்டலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் தட்டலாம், பார்வைக்கு ஒன்றே. பெயரை வைத்துப் போட்டோக் கோப்பைத் தேடினால் இங்கே இடறும். முழுப் பட்டியலையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், இன்னும் நல்லது பெயரை விட்டுவிட்டு எண்ணை வைத்தே போட்டோவைத் தேடுவது.

## நான் எதை எடுப்பேன்

ஒரே ஒருமுறை, டிசைனர் இருக்கிறார்: இங்க்ஸ்கேப் + நெக்ஸ்ட்ஜெனரேட்டர், மறுயோசனையே வேண்டாம். தரவுத்தளத்திலிருந்து தினமும் வந்துகொண்டிருக்கும் வேலை: சொந்த ஸ்கிரிப்ட், பிடிஎஃப்புக்கு ஆர்எஸ்விஜி-கன்வெர்ட்.

வருஷா வருஷம் வரும் பள்ளி, கல்லூரி, கருத்தரங்கு வேலைகளுக்கு நான் பரிந்துரைப்பது இரண்டையும் சேர்ப்பது. பின்னணி, லோகோ, அலங்காரம் எல்லாவற்றையும் டிசைனர் இங்க்ஸ்கேப்பில் வைத்துக்கொள்ளட்டும். மாறாத எழுத்துகளை வளைகோடாக்கி எஸ்விஜியாக ஏற்றுமதி செய்யட்டும். டைப்ஸ்ட் அந்த எஸ்விஜியை அடியில் படமாக விரித்து, அதன் மேல் பெயர், எண், போட்டோவை மட்டும் அளந்து வைக்கும். எஸ்விஜியைப் படமாக வைத்தாலும் வெக்டராகவே போகும். பின்னணியை மாற்ற டிசைனர் அதே பெயரில் கோப்பைச் சேமித்துவிட்டுச் சொன்னால் போதும், நீங்கள் கட்டளையை மறுபடி ஓட்டுகிறீர்கள். லோகோ இடம் மாறுவது உங்கள் தலைவலி இல்லை, பெயர் அடங்குவது அவர் தலைவலி இல்லை. பெயர் வரும் பெட்டியின் நான்கு ஓரங்கள் எங்கே என்பதை மட்டும் இருவரும் முதலிலேயே மிமீயில் பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அதை மாற்றினால்தான் இருவரும் கலந்து பேச வேண்டும்.

பார்வைக்கு அனுப்பும் மாதிரித் தாளில் பட்டியலின் முதல் பத்துப் பேரைப் போடாதீர்கள். அகர வரிசையில் முதல் பத்துப் பேர் எதையும் சோதிக்க மாட்டார்கள். அகலமான ஐந்து பெயர், மிகக் குட்டியான இரண்டு, போட்டோ இல்லாத ஒன்று, "ஸ்ரீ"யும் "க்ஷ"வும் வரும் ஒன்று, "&" உள்ள ஒன்று என்று பொறுக்கி எடுத்து ஒரு தாள். அதை 100 சதவீத அளவில், தாளுக்குப் பொருத்து என்ற விருப்பத்தை அணைத்துவிட்டு அச்சடித்து, ஸ்கேலை வைத்து 85.6 மிமீ வருகிறதா என்று அளந்த பிறகு முந்நூறையும் அனுப்புங்கள்.